கண்ணாடிச் சுவரா, முற்றமா? திருப்பதி வெயிலுக்கு ஏற்ற சொகுசு வீட்டை வடிவமைப்பது எப்படி?

திருப்பதி: கூடத்தில் அமர்ந்தபடியே தோட்டத்தைப் பார்க்கும் வகையில், தரை முதல் கூரை வரை கண்ணாடி பதித்த வீடு பலரது கனவாக உள்ளது. ஆனால், கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் திருப்பதி, சித்தூர் பகுதிகளில் அத்தகைய வீட்டை அப்படியே கட்டினால், பகல் முழுவதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஏ.சி.யை நம்பி வாழ நேரிடும்.

கண்ணாடியால் என்ன சிக்கல்?

கண்ணாடி வழியாக நுழையும் வெயில் தரையையும் சுவரையும் சூடாக்குகிறது. அந்த வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. மேற்கில் மாலை வெயில் தாழ்ந்து சாய்வாக விழுவதால், ஜன்னல் மேலுள்ள சன்ஷேடால் அதைத் தடுக்க முடியாது. எனவே மாடிப்படி, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை மேற்கில் அமைப்பது நல்லது. பெரிய கதவுகளை வடக்கிலும் தெற்கிலும், அகலமான தாழ்வாரத்தின் நிழலில் வைக்கலாம்.

சந்திரகிரியில் ஒரு சான்று

திருப்பதிக்கு அருகே சந்திரகிரி கோட்டையில் உள்ள விஜயநகரப் பேரரசு கால ராஜ மஹால், மரம் பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து கொண்டு கட்டப்பட்டது. தடித்த சுவர்கள் வெப்பத்தைத் தாமதப்படுத்த, முகப்பின் வளைவுகள் நிழலையும் காற்றையும் தருகின்றன.

வெளிப்புறம் வீட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆந்திராவின் 'மண்டுவா' வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் திறந்தவெளி வீட்டின் நடுவிலேயே உள்ளது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1960-களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்காக வடிவமைத்த வீட்டிலும் அறைகள் முற்றத்தைச் சுற்றியே அமைந்தன. நகர மனைகளில் காற்று, வெளிச்சம், தனிமை மூன்றும் இதனால் கிடைக்கும்.

ஜன்னல் எவ்வளவு திறக்க வேண்டும்?

மத்திய மின்துறை 2018-ல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு, தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 1,200 சதுர அடிக்கு சுமார் 200 சதுர அடி. திறக்க முடியாத கண்ணாடி இந்தக் கணக்கில் சேராது. கொசுவலைச் சட்டங்களையும் வரைபடத்திலேயே சேர்க்காவிட்டால், மாலையில் அந்தக் கதவுகள் மூடியே கிடக்கும்.

மழையை மறக்கக் கூடாது

2021 நவம்பரில் பெய்த கனமழையில் திருப்பதியின் பல பகுதிகள் வெள்ளக்காடாயின. ஆகவே முற்றத்தின் தரை, கூடத்தைவிட குறைந்தது அரை அடி தாழ்வாகவும், வடிகாலை நோக்கிச் சரிவாகவும் இருக்க வேண்டும். அந்த நீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பலாம். அருகிலேயே கிடைக்கும் கருநிறக் கடப்பா கல்லை நிழலான தாழ்வாரத்தில் பதிக்கலாம். வெயில் படும் இடத்தில் பதித்தால் கால் சுடும்.

மனையின் திசை, தாழ்வாரத்தின் அகலம், வடிகால் ஆகிய மூன்றையும் அஸ்திவாரத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கட்டிய பிறகு இவற்றை மாற்றுவது கடினம், செலவும் அதிகம்.