உங்களுக்குத் தெரியுமா? – படகுக்கு ஒரு ராத்திரி இடம்

♦ திருவாண்டார்கோயிலில் பஸ் ஏறினால் புதுச்சேரி போய்ச் சேரலாம். காக்கிநாடாவில் படகு ஏறினாலும் புதுச்சேரிக்கே வந்து சேரலாம், ஆனால் காகிதத்தில் மட்டும். 2008-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அறிவித்த தேசிய நீர்வழி எண் 4, காக்கிநாடா கால்வாயில் தொடங்கி ஏலூரு கால்வாய், கொம்மமூரு கால்வாய், பக்கிங்காம் கால்வாய், கழுவேலி ஏரி என்று கோத்துக்கொண்டு வந்து நம் புதுச்சேரியில் முடிகிறது. கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதில் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் 22 கிலோமீட்டர். கழுவேலிக்குத் தெற்கே அப்படியொரு படகுக் கால்வாயை யாரும் பார்த்ததில்லை.

சரி, நாளைக்கே வெட்டிவிட்டார்கள், முதல் படகும் வந்துவிட்டது என்று வையுங்கள். அதை ராத்திரிக்கு எங்கே கட்டுவது? இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

♦ படகு ஓட்டுவதைவிட ஊருக்குள் படகைக் கட்ட இடம் பிடிப்பதுதான் கஷ்டம். திருபுவனை தொழிற்பேட்டைக்கு வருகிற வெளிமாநில லாரி டிரைவரைக் கேளுங்கள், நிறுத்த இடம் தேடுகிற பாடு என்னவென்று சொல்வார். படகுக்காரருக்கும் அதே பாடுதான். அவருக்குக் கூடுதலாகக் கரையில் ஒரு முளையோ வளையமோ வேண்டும், குடிதண்ணீர்க் குழாய் வேண்டும், குப்பை கொட்டவும் கழிவறைத் தொட்டியைக் காலி செய்யவும் இடம் வேண்டும்.

♦ இங்கிலாந்தில் கால்வாய்ப் படகிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அகலம் சுமார் 7 அடி, நீளம் 70 அடி வரை, அதற்குள் அடுப்படி, கட்டில், கணப்பு எல்லாம். சொந்தமாகக் கட்டுமிடம் இல்லாத படகு எந்த இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். பதினைந்தாம் நாள் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கூட்டம் மொய்க்கிற இடங்களில் இந்தக் கெடு 7 நாளாகவோ 48 மணி நேரமாகவோ சுருங்கும். கரையோரம் பலகையே நட்டிருப்பார்கள். கெடு தாண்டினால் ஒரு நாளைக்கு 25 பவுண்டு தண்டம் என்று எழுதிய பலகைகளும் உண்டு. இதையெல்லாம் கவனிப்பது 2012-ல் அமைந்த ‘கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை.

லண்டனில் ரீஜன்ட்ஸ் கால்வாய் முழுதாகத் திறந்தது 1820-ல். சரக்கு ஏற்ற வெட்டிய அந்தக் கால்வாயில் இன்று இடம் பிடிப்பது குதிரைக்கொம்பு. கரையில் இடமில்லாதவர், ஏற்கெனவே கட்டியிருக்கும் படகின் பக்கவாட்டில் தன் படகைக் கட்டிக்கொள்வார். வெளிப்படகுக்காரர் கரையேற வேண்டுமென்றால் உள்படகின் மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். தூங்குகிறவர் தலைக்கு மேல் நடக்கிறோம் என்று மெதுவாகக் கால் வைப்பது அங்கே மரியாதை! வெளியூரிலிருந்து சில நாள் தங்க வருகிறவர்களுக்காக ‘லிட்டில் வெனிஸ்’ பகுதியில் ரெம்பிராண்ட் தோட்டத்தை ஒட்டி முன்பதிவு செய்து கட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊர்க்காரர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் விருந்தாளிக்கு வழியில்லை என்று உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

♦ கால்வாயில் தண்ணீர் மட்டம் அவ்வளவாக மாறாது. கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கலாம். கடல் ஏற்றவற்றம் உள்ள இடத்தில் அப்படிச் செய்தால் வினை. ஏற்றத்தின்போது இறுக்கிக் கட்டினால் வற்றத்தில் தண்ணீர் கீழே போக, படகு கயிற்றில் தொங்கும். ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீர் புகும். அதனால் கயிற்றைத் தளர்த்தி நீளமாக விடுவார்கள், அல்லது தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடை போடுவார்கள். நம் சோழமண்டலக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இங்கிலாந்தின் லிவர்பூலில் அது 8 மீட்டரைத் தாண்டும் நாள்கள் உண்டு! அங்கே 1715-லேயே கதவு வைத்துத் தண்ணீரைத் தேக்கிய கப்பல் தொட்டியைக் கட்டியதற்கு அதுதான் காரணம். இன்று உள்நாட்டுக் கால்வாய்ப் படகுகள் லிவர்பூல் நகர மையத்துக்குள் போகவும் தனி வழி இருக்கிறது, 2009-ல் திறந்தார்கள். முன்பதிவு செய்துகொண்டு போனால் சால்ட்ஹவுஸ் தொட்டியில் சில நாள் தங்கலாம்.

♦ இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1960-களில் பூம்புகார் வட்டாரத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை மேடை ஒன்று வெளிப்பட்டது. அதை ஒட்டி மரக்கம்பங்கள் நட்டபடியே இருந்தன. கரிமச் சோதனையில் மரத்தின் வயது கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டிப் போனது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகளை, லாயத்தில் குதிரைகளைக் கட்டுவதுபோல் வரிசையாகக் கட்டியிருந்த காட்சி வருகிறது. புலவர் பார்த்த கம்பத்தின் வகை மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கிறது என்றால் சும்மாவா?

கேரளத்தில் பட்டணம் என்ற ஊர், பழைய முசிறி இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்லும் இடம். 2007 அகழாய்வில் அங்கேயும் செங்கல் படகுத்துறை, ஏறத்தாழ 6 மீட்டர் நீளக் குடைமரத் தோணி, அதன் பக்கத்தில் கயிறு கட்டத் தேக்குக் கம்பங்கள் கிடைத்தன. தோணி ஆஞ்சிலி மரம். கம்பத்துக்குத் தேக்கு, தோணிக்கு ஆஞ்சிலி என்று ஆள் பார்த்து வேலை கொடுத்திருக்கிறார்கள்!

♦ நம் பக்கத்துக்கு வருவோம். செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையில் தங்கி, வில்லியனூர் வழியாக வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிகிறது. அரியாங்குப்பத்தாற்றின் கரையில் காக்காயன்தோப்பு, அங்கேதான் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் இத்தாலியப் பளபளப்பு மட்பாண்டங்களும் வந்தன. கிடங்கு போன்ற பெரிய கட்டடத்தின் அடித்தளமும் வந்தது. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பயணக்குறிப்பான பெரிப்ளூஸ் சொல்லும் ‘பொதுகே’ துறை இதுதான் என்பது பெரும்பான்மைக் கருத்து.

அரிக்கமேடு கடலோரத்தில் இல்லாமல் ஆற்று வளைவில் உள்ளே தள்ளி இருப்பது ஏன்? அலை உள்ளே வராது. புயல் காற்றுக்கும் ஒதுக்குப்புறம். எகிப்திலிருந்து கிளம்பிய கப்பல்கள் ஜூலையை ஒட்டித் தென்மேற்குக் காற்றைப் பிடித்து இந்தியாவுக்கு வந்தன. வடகிழக்குக் காற்று திரும்பிய பிறகுதான் ஊர் திரும்ப முடியும். நடுவில் உள்ள மாதங்களில் வணிகனுக்கும் மாலுமிக்கும் தங்க இடம், சரக்கு வைக்க இடம், கலம் ஒதுங்க இடம் மூன்றும் வேண்டும். பெரிய கப்பல்கள் மேற்குக்கரையோடு நின்றுவிட்டன, சரக்கு மட்டும் சிறு கலங்களில் இங்கே வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் ‘கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகிறேன்’ என்று வந்த கலங்களுக்கு இடம் கொடுத்தே இந்தத் துறை பிழைத்தது.

♦ பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்ற படகுகளில் சரக்கையும் ஆளையும் ஏற்றி, அலைக்குள் புகுந்து கரை சேர்ப்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் கப்பல் வந்த சேதி, போன சேதி அடிக்கடி வருவதற்கு இதுவும் காரணம்: கப்பல் வந்ததா என்று கரையிலிருந்து கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒதுங்க இடமில்லாததன் விலையை 1761 புத்தாண்டு நாள் காட்டியது. புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களைப் புயல் தாக்கி, சிலவற்றை மூழ்கடித்தது, சிலவற்றைக் கரையில் தூக்கிப் போட்டது. அப்படியும் அந்த மாதமே நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது வேறு கதை.

♦ சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் போகிறவர்கள் பேசின் பிரிட்ஜில் வண்டி நிற்கும்போது அலுத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு காலத்தில் படகுகளும் நின்றன. 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் எண்ணூர் வரைக்கும் வெட்டுவித்த கால்வாயின் படகுகள் ஒதுங்கிச் சரக்கு இறக்குவதற்காக அகலப்படுத்திய நீர்நிலைதான் அந்த ‘பேசின்’. காக்ரேன் பேசின் ரோடு என்று வடசென்னையில் இன்னமும் தெரு இருக்கிறது, படகுதான் இல்லை.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலி கொடுக்க வேண்டுமென்றே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் மொத்தக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது. பின்னர் மரக்காணம் வரைக்கும் தொடர்பு ஏற்பட்டது. உப்பும் விறகும் சவுக்கும் சென்னைக்கு வந்தன. காற்றிருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஆள் நடந்து கயிற்றால் இழுப்பார், அல்லது கழி ஊன்றித் தள்ளுவார்கள். ஆறு குறுக்கிடும் இடங்களில் தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்யும் கதவுகளான லாக்கு வைத்திருந்தார்கள். முகத்துவாரத்தில் ஏற்றம் வரும்வரை படகு காத்துக்கிடக்கும். சமையல், தூக்கம், ஊர்வம்பு எல்லாம் அங்கேதான்.

1965, 66 புயல்கள் கால்வாயைக் கெடுத்தன. மிச்சத்தை நாம் கெடுத்தோம். 1990-களில் பறக்கும் ரயிலுக்குத் தூண் போட இடம் தேடியபோது சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகக் கால்வாயே அகப்பட்டது. நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம் என்பது அன்றைய கணக்கு. படகு போகவே வழியில்லாத இடத்தில் கட்டுவதற்கு இடம் கேட்பானேன்!

♦ ஆலப்புழை படகுவீட்டில் ராத்திரி முழுக்க ஏரியில் மிதந்தபடி போகலாம் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நிறைய. நடப்பது வேறு. மாலை ஐந்தரை மணி வாக்கில் படகு ஏதாவதொரு கரையில் கட்டப்பட்டுவிடும். மறுநாள் காலையில்தான் நகரும். இருட்டியபின் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். படகின் விசிறியில் வலை சிக்கினால் அவர்கள் பிழைப்பு போச்சு. ஆகவே உங்கள் விடுமுறையின் பாதி, படகு எங்கே கட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. தென்னந்தோப்புக் கரையிலும் கட்டலாம். புன்னமடை ஏரியில் பத்துப் படகு நெருக்கத்தில், எல்லாப் படகின் ஜெனரேட்டர் சத்தத்தோடும் கட்டலாம்.

♦ ஸ்ரீநகர் தால் ஏரிப் படகுவீடு இதற்கு நேர் எதிர். அது நகர்வதே இல்லை.

♦ உலகம் சுற்றும் பாய்மரப் படகுக்காரர் தென்னிந்தியாவில் ஒரு நகரத்தில் முறையாகக் கட்டி இறங்கலாம்: கொச்சி. போல்காட்டித் தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 2010-ல் திறந்த ‘மரினா’ என்ற படகு நிறுத்தத்தில் முப்பதுக்கு மேல் படகுகள் நிற்கலாம். தண்ணீர், மின்சாரம் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை நீளும் தமிழ்நாடு இதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

♦ புதுச்சேரியில்? நோணாங்குப்பத்தில் சுற்றுலாத் துறையின் சுண்ணாம்பாறு படகுக் குழாம் இருக்கிறது. கடற்கரைத் திட்டுக்குப் போய்த் திரும்பும் படகுகளுக்கு அது போதும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. அவற்றுக்கே அரியாங்குப்பத்தாற்று முகத்துவாரத்தில் மணல் அடைத்து, தூர்வாரும்வரை போக்குவரத்து தடுமாறுகிறது. ஊருக்குள் வெள்ளை நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலில் இப்போது ஓடுவது கழிவுநீர்.

நீர்வழி எண் 4 முடிகிற ஊர் என்று பெயர் வாங்கிவிட்டோம். கால்வாய் வெட்டப் பல கோடி ஆகும், பல வருடம் ஆகும். அதற்குள் சுண்ணாம்பாற்றில் ஒரு மிதவை மேடை, பத்து வளையம், ஒரு தண்ணீர்க் குழாய், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒரு வசதி, தங்கும் நாளுக்குக் கெடு எழுதிய ஒரு பலகை – இவ்வளவையும் போட்டுவிடலாம். அரிக்கமேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக்கூடச் செய்யாமலிருப்பது சோம்பல்தான்.

♦ கடைசியாக, இந்தக் கோடையில் ஆலப்புழைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: சாப்பாட்டுப் பட்டியலை அப்புறம் கேளுங்கள். படகை ராத்திரி எங்கே கட்டுவீர்கள், ஏ.சி. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் இருக்கிறதா – இந்த மூன்றையும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.