காபியும் இதயமும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி இல்லங்களில் காபிக்கு ஓய்வேது? 15-ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்திய பானம் இது. எனினும், இதயத்திற்குத் தீங்கென அஞ்சுவோர் பலர்.

உடல்நலமுள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கஃபீன் கொள்வதில் அச்சமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் தெரிவித்தது. அது ஏறத்தாழ நான்கு கோப்பைக் காபி. கருவுற்ற தாய்மார்களுக்கு அதில் பாதியே. நெஞ்சுப் படபடப்பு உடையோர் மருத்துவரைக் கேட்டு அருந்துவதே நலம்.

உண்மையில் கவலைக்குரியது சர்க்கரையே! கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டியெனில் நான்கு கோப்பைக்கு 32 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதெனக் கூறும் நாளளவோ ஏறத்தாழ 25 கிராம்தான். விருந்தினருக்குக் காபி தருவோம். சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைப்போம்.