கல்வட்டமும் கழனியும்

மதுராந்தகம் பக்கம் கல்வட்டம் தேடுபவர்கள் வயலில் இறங்குவதில்லை. குன்றடி, சரளை மேடு, ஏர் ஓடாத கரடு என்றுதான் பார்த்துக்கொண்டு போவார்கள். பெரிய பாறைகள் வட்டமாக நிற்கும். நடுவே சிறுகற்கள் குவிந்திருக்கும். பல ஊர்களில் இதைப் பாண்டவர் குழி என்பார்கள். உண்மையில் இது இரும்புக் கால மக்களின் ஈமக்காடு.

இந்த வட்டாரத்தில் இதற்குப் பெயர்போன ஊர் சானூர். இந்தியத் தொல்லியல் துறை 1950இலும் 1952இலும் இங்கே அகழ்ந்தது; என். ஆர். பானர்ஜி, கே. வி. சௌந்தரராஜன் இருவரின் அறிக்கை 1959இல் வெளிவந்தது. கற்களை அகற்றி ஆழத்துக்குப் போனால் சுடுமண் ஈமப்பேழை தட்டுப்படும். நீள்வட்டத் தொட்டி, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். உள்ளே எலும்புத் துண்டுகள், கூடவே இரும்புப் பொருள்கள், பானைகள். அந்தப் பானை ஓடு ஒன்றைக் கையில் எடுத்தால் உட்புறமும் விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்று புகவில்லை, அந்தப் பக்கம் கருத்துவிட்டது என்பது பொதுவான விளக்கம்.

செங்கல்பட்டுப் பகுதியின் கல்வட்டங்கள் பெரும்பாலும் ஏரிகளை ஒட்டிய மேட்டில் இருக்கின்றன. இதை வைத்து, ஏரிப் பாசனத்தைத் தொடங்கியவர்களே கல்வட்டம் எழுப்பிய இந்த மக்கள்தான் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சற்றுத் தாவலாகப் படுகிறது. ஏரிக்கரை பிற்காலத்ததாக இருக்கலாமே. ஆனால் விளையும் மண்ணை விட்டுவிட்டு விளையாத மேட்டில் புதைத்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்தின் அருமை அறிந்தவர்கள் செய்யும் வேலை அது.

அவர்கள் குடியிருந்த வீடுகள் எங்கே? மண்சுவரும் கூரையும் கரைந்துபோயின; கல் மட்டும் நின்றது. 1950களில் இதே பகுதியின் குன்னத்தூரில் தொல்லியலாளர் வி. டி. கிருஷ்ணசாமி ஈமக்காட்டோடு குடியிருப்பையும் சேர்த்துத் தோண்டியது அதனால்தான் முக்கியம்.

உழவுக்கு நேர்ச்சான்று தானியம். தெற்கே ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டுப் பானைகளில் நெல் உமியையும் சிறுதானிய உமியையும் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டார். அதே தெற்கில் சிவகளையின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. குடியிருப்பு மண்ணில் வேறு வழி: அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மண் அடியில் தங்கும், கருகிய நெல்லும் கொள்ளும் மிதக்கும், மெல்லிய சல்லடையில் வழித்தெடுக்கலாம். சானூரைத் தோண்டிய காலத்தில் இந்த அலசல் வழக்கத்துக்கு வரவில்லை. இனி இந்தப் பக்கம் தோண்ட வருகிறவர்கள் இன்னொரு கல்வட்டத்தைத் திறப்பதைவிட, பழைய குடியிருப்பு மேட்டில் நாலு வாளி சாம்பல் மண்ணை அலசிப் பார்த்தால் நல்லது.