பாட்டியாரின் தாலாட்டும் ஒலிப்பதிவும்

84 வயதான நம் வீட்டுப் பாட்டியார், மூன்று தலைமுறைக் குழந்தைகளைத் தூங்க வைத்த தாலாட்டு ஒன்றைப் பதிவு செய்து வைக்க விரும்பினோம். தாத்தாவின் குரல் எங்குமே பதிவாகாமற் போன குறை நம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. கூடத்தில் மடிக்கணினியையும் மைக்கையும் வைத்தோம். பாட்டியார் பாடி முடித்தார். திரும்பப் போட்டுக் கேட்டபோதோ, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போன்ற எதிரொலி. அடியில் ஓயாத ரீங்காரம். இவற்றோடு மின்விசிறியின் இரைச்சல் வேறு.

விலையுயர்ந்த மைக் வாங்கினால் சரியாகும் என்றனர் சிலர். நாம் பணப்பையைத் திறவாமல் குறைகளை ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, சிறிது பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டோம். இரண்டை ஒருசேர மாற்றினால் எந்த மருந்து எந்த நோயைத் தீர்த்தது என்று விளங்காதல்லவா?

முதற் குற்றவாளி தொலைவு. மைக் பாட்டியாரிடமிருந்து ஏறக்குறைய 4 அடி தள்ளி இருந்தது. தொலைவு இருமடங்கானால், வாயிலிருந்து நேரே வந்து சேரும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோ அவ்வளவு குறைவதில்லை. குரல் மெலிந்து கேட்டதால் நாம் மைக்கின் ஒலியளவைக் கூட்டியிருந்தோம். கூடவே எதிரொலியும் இரைச்சலும் கூடிவிட்டன. மைக்கை ஒரு சாண் தூரத்திற்குக் கொணர்ந்து ஒலியளவைக் குறைத்ததும் பாதித் தொல்லை தீர்ந்தது. வாய்க்கு நேரே வையாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்ததால், 'ப' ஒலி வெடித்துக் கேட்பதும் அடங்கியது.

அடுத்தது அறை. சிமெண்டுத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்பும். ஆகவே மெத்தையும் துணிமணிகளும் நிறைந்த படுக்கையறைக்கு மாறி, பாட்டியாரின் பின்னால் கொடியில் இரண்டு கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டோம். விசிறியையும் நிறுத்தினோம். ("இது பாட்டா, பிரசவமா?" என்று அவர் நகைத்ததும் பதிவாகியுள்ளது!)

எஞ்சியது ரீங்காரம். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதன் சாயலே இது. மைக் கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்கிப் பார்த்தோம், குறையவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டியவுடன் நின்றுவிட்டது.

அளவுகாட்டி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதது. அலையின் முடி ஒருமுறை வெட்டுண்டால் அதை முழுமையாக மீட்க இயலாது. உச்சக் குரல் -12 டெசிபெல் அருகே நிற்கட்டும்; மெலிந்த பதிவைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

மறுநாள் பாட்டியார் மீண்டும் பாடினார். குரல் தெளிவாக விழுந்தது. ஆயினும் கடைசிக் கண்ணி அவர் நினைவுக்கு வரவில்லை. முதல் நாள் அதைப் பாடியிருந்தார். ஆதலால் எதிரொலியும் ரீங்காரமும் மிகுந்த அந்தப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.