லைன்: ஒரு சொல், பல பொருள்

ஆங்கிலத்தில் 'லைன்' என்பது நான்கே எழுத்துள்ள சிறு சொல். தோட்டத்திலே இதை அறியாத பிள்ளை கிடையாது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் 10 அடிக்கு 12 அடி காம்பராக்களை ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டினார்கள். வரிசைக்கு ஆங்கிலத்தில் லைன். அதுதான் நம்ம வாயில் லயன், லயம் என்று ஆயிற்று. கொழுந்து எடுக்கும்போது நாம் பிடிக்கிற நிரையும் ஒரு லைன்தான்.

ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதற்கு வரிசை என்று பொருள் இல்லை. இது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. ஆகவே கோடும் லைன் ஆயிற்று. பிறகு வரிசை, எழுத்து வரி, எல்லை எல்லாமே லைன் ஆயின.

யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவர்களை எடுத்துக்கொள்வோம். தூண்டிலில் கட்டுகிற தங்கூசி நூலும் ஆங்கிலத்தில் லைன்தான். அவர்களுக்கு இன்னொரு லைனும் உண்டு. இலங்கையும் இந்தியாவும் 1974இலும் 1976இலும் செய்த ஒப்பந்தங்களின்படி, கடலிலே சில புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைத்து எல்லை வகுத்தார்கள். அந்த எல்லைக்கும் ஆங்கிலத்தில் லைன் என்றே பெயர். தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது. இருந்தாலும் அதைத் தாண்டி வரும் இழுவைப் படகுகளால் வடபகுதி மீனவரின் வலைகள் அறுந்து போகின்றன. தாண்டி வந்தவர்கள் கைதாகிச் சிறைக்கும் போகிறார்கள். வரைபடத்தில் போட்ட கோடு, இரு கரையிலும் ஏழைகளின் சோற்றைத் தீர்மானிக்கிறது.

நாளாந்தப் பேச்சிலும் லைன் பல. "லைன் கிடைக்கல்ல" என்றால் தொலைபேசித் தொடர்பு. "கரண்ட் லைன் அறுந்து கிடக்கு" என்றால் மின்கம்பி, கிட்டவே போகாதீங்க. "ஒன்லைன்ல போடுங்க" என்றால் இணையத்தின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். 'ஹொட்லைன்' என்றால் அவசரத்துக்கு அழைக்கிற இலக்கம். சிறுவர்களுக்குக் கொடுமை நடந்தால் 1929க்கு அழைக்கலாம். 'டெட்லைன்' என்றால் கடைசித் திகதி. அது தவறினால் விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். இளசுகள் 'லைன் அடிப்பது' வேறு கதை. அதை இங்கே விரிக்க வேண்டாம்!

நாம் கவனிக்க வேண்டிய லைன்கள் இரண்டு.

ஒன்று, படிவத்தின் அடியில் உள்ள கோடு. "இந்த லைன்ல ஒரு கையெழுத்து வைங்க" என்றால் உடனே வைத்துவிடாதீங்க. கோட்டுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. மேலே வெறுமையாக இருந்தால் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது.

இரண்டு, லயத்து இலக்கம். அது நாம் இருக்கிற இடத்தைக் காட்டும்; அந்த இடம் நமக்குச் சொந்தம் என்று காட்டாது. சொந்தம் என்று காட்டுவது நம் பெயரில் எழுதிய காணி உறுதி மட்டுமே. 7 பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள், உறுதி கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வராவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லி எல்லோரும் கேளுங்கள்.