பிஸ்கட்டவேயிலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

நியூ ஜேர்சி மாநிலத்தின் பிஸ்கட்டவே நகரில் வாழும் எம்மவர்க்கு அண்மையிலுள்ள பெரிய விமான நிலையம் நியூவார்க் ஆகும். அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி, நேர்வழியில் ஏறத்தாழ 13,800 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. பூகோள உருண்டையில் இவ்விரு இடங்களையும் நூலால் இணைத்தால், அந்நூல் வடக்கே வளைந்து, கிறீன்லாந்தின் தென்முனையைக் கடந்து, ருஷ்யாவின் மேலாக இறங்கிவரும்.

மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இது சுமார் 15 மணித்தியாலப் பயணமே. ஆயினும் நேரடிச் சேவை கிடையாது. இலண்டனிலோ டுபாயிலோ விமானம் மாறிக் கொழும்பை அடைந்து, தரைவழியே வடக்குக்குச் செல்வோர்க்கு ஒன்றரை நாள் வரை கழிந்துவிடும். சென்னை வழியாகவும் செல்லலாம். 2019 நவம்பரில் தொடங்கிய சென்னை–பலாலி விமான சேவை, கொரோனாக் காலத்தில் தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று.

எனினும், இத்தூரத்தை மணித்தியாலங்களால் அளக்கவியலாதோரும் நம்மிடையே உளர். அமெரிக்காவில் அகதித் தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர், முன்னனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறினால், தமது விண்ணப்பத்தைக் கைவிட்டவராகவே கருதப்படுவார். முன்னனுமதி பெற்றவராயினும், எந்த நாட்டுக்கு அஞ்சி வந்தாரோ அந்த நாட்டுக்கே திரும்பிச் சென்றால், அதற்குத் தவிர்க்கவியலாத காரணம் இருந்ததென அவரே நிறுவுதல் வேண்டும். பெற்றோரின் மரணச் செய்திக்கும் இவ்விதி தானாக விலக்களிப்பதில்லை.

ஆகவே, தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளோர், பயண முகவரிடம் செல்லுமுன் தமது சட்டத்தரணியிடம் செல்வதே நன்று.