அரை... அரி... அதுதான் தங்கம்!

‘தங்கச் சுரங்கம்’னு சொன்னதும் உங்க மண்டைக்குள்ள என்ன ஓடும்? கோலார் தங்க வயல், ராட்சத இரும்புக் கோபுரம், மூணு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சரசரன்னு இறங்குற கூண்டு, பின்னணியில டமால் டுமீல் மியூசிக்... சரிதானே?

ஆனா, கதை அதோட முடியலை பாஸ்! உலகம் முழுக்க வருஷா வருஷம் புதுசா தோண்டி எடுக்குற தங்கத்துல 15 முதல் 20 சதவிகிதம் சின்னச் சின்னக் குழிகள்ல இருந்துதான் வருது. ஒரு டிரம், ஒரு பலகை, ஒரு துண்டு கார்ப்பெட், ஒரு பழைய பம்ப்... இவ்வளவுதான் அங்கே மொத்த ஃபேக்டரியும். அதை டிசைன் பண்றது, பக்கத்துப் பட்டறையில வெல்டிங் வைக்கிறது, நடுராத்திரி மக்கர் பண்ணினா ஸ்பேனரோட ஓடுறது எல்லாமே அந்தக் குழியில வேலை பார்க்கிறவங்கதான். சர்வீஸ் இன்ஜினீயர், வாரன்ட்டி கார்டு... மூச்!

இதுல நமக்கென்னன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இந்த மெஷின்களை ஒழுங்கா செய்யறதும் செய்யாம விடறதும் வெறும் லாப நஷ்டக் கணக்கு இல்லை. உயிர்க் கணக்கு!

பாதரசம் என்கிற குறுக்கு வழி

முதல்ல வில்லனைப் பார்த்துடுவோம். அரைச்ச பாறைத்தூளில் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்கள் சிதறிக் கிடக்கும். அதை எப்படிப் பிரிக்கிறது? ஈஸியான வழி, பாதரசம். தங்கத்தைக் கண்டா அது ‘லபக்’னு கட்டிப்பிடிச்சுக்கும். ரெண்டும் சேர்ந்த உருண்டையை நெருப்புல காட்டினா, 357 டிகிரி செல்சியஸில் பாதரசம் ஆவியாகி ஓடிடும். தங்கம் மட்டும் மிஞ்சும்.

ஓடின பாதரசம் எங்கே போகுது? பக்கத்துல நிக்கிறவங்க நுரையீரலுக்கு! நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பல நாடுகள்ல இதை வீட்டு அடுப்பிலேயே, குழந்தைகள் விளையாடுற இடத்திலேயே எரிக்கிறாங்க. கை நடுக்கம், ஞாபக மறதி, சிறுநீரகக் கோளாறுன்னு வரிசையா வரும். ஆத்துல கலக்கிறது இன்னும் கொடிய மீத்தைல் மெர்க்குரியா மாறி, மீனுக்குள்ள புகுந்து, சாப்பாட்டுத் தட்டுக்கே திரும்பி வரும்.

2015-ம் வருஷக் கணக்குப்படி, மனிதர்கள் காற்றில் கலக்கவிடும் பாதரசத்தில் சுமார் 38 சதவிகிதம் இந்தச் சின்னத் தங்கக் குழிகள்ல இருந்துதான் வருதுன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லியிருக்கு. அதாவது 800 டன்னுக்கும் மேலே! நிலக்கரி மின் நிலையங்கள் எல்லாம் இதுக்குப் பின்னாலதான். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் கையெழுத்தாகி, 2017-ல் அமலுக்கு வந்த ‘மினமாட்டா ஒப்பந்த’த்துல இதுக்குன்னே தனியா ஒரு ஷரத்து இருக்கு.

‘பாதரசத்தைத் தடை பண்ணிட வேண்டியதுதானே?’ன்னு கேட்கறீங்களா? பண்ணலாம். ஆனா, அந்த மெஷின் மோசமா இருக்கறவரைக்கும் பாதரசம் திருட்டுத்தனமா வந்துக்கிட்டேதான் இருக்கும். மோசமான மெஷினுக்குப் போடுற ஒட்டுதான் பாதரசம்! மெஷினைச் சரிபண்ணினா ஒட்டு தேவையில்லை.

ஊட்டி மாதிரி ஓர் ஊரு

இதை நிரூபிச்சுக் காட்டின இடம் பிலிப்பைன்ஸ்ல இருக்கு. லூசோன் தீவில், மணிலாவுக்கு வடக்கே, பென்குவெட் மாகாணம். அங்கே நம்ம ஊட்டி கணக்கா பாகியோன்னு ஒரு குளுகுளு மலை நகரம். அதை ஒட்டின மலைகள்ல இபலாய், கன்கனாய் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளா தங்கம் எடுத்துக்கிட்டு இருக்காங்க. அங்கே பல சுரங்கக்காரங்க 30 வருஷத்துக்கும் மேலா பாதரசத்தைத் தொடாமலே தங்கம் பிரிக்கிறாங்க. பிலிப்பைன்ஸ் அரசு சிறு சுரங்கங்கள்ல பாதரசத்துக்குத் தடை போட்டது 2012-லதான். அதுக்கு ரொம்ப முன்னாடியே இவங்க வேற ரூட்!

அந்த ரூட்டுல மூணே ஸ்டேஷன். அரைக்கிறது, அரிக்கிறது, உருக்குறது.

மரணக் கிணறு ஃபார்முலா

பாறையைத் தூளாக்குறது ‘பால் மில்’. படுக்க வெச்ச இரும்பு டிரம். உள்ளே இரும்புக் குண்டுகள், உடைச்ச பாறை, தண்ணி. டிரம் சுத்தச் சுத்தக் குண்டுகள் மேலே ஏறி, பாறை மேல ‘பொத்’னு விழணும். நம்ம வெட் கிரைண்டருக்கு முரட்டு அண்ணன்னு வெச்சுக்கோங்க.

எவ்வளவு வேகத்துல சுத்தணும்? அங்கேதான் சூட்சுமம். ரொம்ப மெதுவா சுத்தினா குண்டுகள் அடியிலேயே சோம்பேறித்தனமா உருளும். ரொம்ப வேகமா சுத்தினா, திருவிழா மரணக் கிணத்துல பைக் ஓட்டுறவர் மாதிரி சுவரோட ஒட்டிக்கிட்டு, விழவே விழாது. அந்த ஒட்டிக்கிற வேகத்துக்கு ஒரு ஃபார்முலா உண்டு. டிரம்மின் உள்விட்டத்தில் இருந்து குண்டின் விட்டத்தைக் கழிங்க, ரெண்டும் மீட்டர்ல. அதுக்கு வர்க்கமூலம் எடுங்க. 42.3-ஐ அதால வகுங்க. கிடைக்கிறதுல 65 முதல் 75 சதவிகிதம்தான் நமக்கு வேண்டிய வேகம்.

அரை மீட்டர் டிரம், 5 சென்டிமீட்டர் குண்டுன்னா? ஒட்டிக்கிற வேகம் நிமிஷத்துக்கு 63 சுத்து. அதுல 70 சதவிகிதம், 44 சுத்து. ஆனா, பிலிப்பைன்ஸ்ல கரன்ட் 60 ஹெர்ட்ஸ். அங்கே நாலு துருவ மோட்டார் நிமிஷத்துக்கு 1,750 சுத்து சுத்தும். அதாவது, வேகத்தை 40 மடங்கு குறைக்கணும். ஒரே பெல்ட்டுல குறைக்கப் பார்த்தா, மோட்டார்ல 3 அங்குல புல்லி மாட்டினா டிரம்முல 10 அடி புல்லி மாட்டணும். வீட்டைவிடப் பெரிசா போயிடும்! நடுவுல ஒரு ஷாஃப்ட் போட்டு, 3 அங்குலத்துல இருந்து 19 அங்குலம்னு ரெண்டு தடவை குறைச்சா கணக்கு கச்சிதம். ரெண்டாவது செமஸ்டர்லயே படிச்சுட்டு மறந்தோமே... அதேதான்!

இன்னொரு சங்கதி. தங்கம் உடையாது, அடிக்க அடிக்கத் தகடாகும். ஒரேயடியா மணிக்கணக்குல அரைச்சா, தங்கத் துகள் சப்பையாகித் தண்ணி மேல மிதந்து போயிடும். அதனால கொஞ்சம் அரைச்சு, அரிச்சு, மிச்சத்தைத் திரும்ப அரைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

பாட்டியோட அரிக்கஞ்சட்டி

அடுத்தது அரிக்கிற ஸ்டேஷன். உங்க பாட்டிகிட்ட அரிக்கஞ்சட்டி பத்திக் கேட்டுப் பாருங்க. உள்பக்கம் வரிவரியா பள்ளம் இருக்கும். அரிசியைத் தண்ணியோட ஆட்டி ஆட்டி ஊத்தினா, அரிசி வெளியே போகும். கனமான கல் அந்த வரிகள்ல மாட்டிக்கும். தங்கம் அரிக்கிற பலகையும் அச்சு அசலா அதே டெக்னிக்!

தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளைக் கல்லான குவார்ட்ஸுக்கு வெறும் 2.65. தண்ணிக்குள்ள மிதப்பு விசையைக் கழிச்சுப் பார்த்தா, ஒரே அளவு துகள்ல தங்கத்தோட எடை 11 மடங்கு! சாய்வான பலகை மேல முரட்டுத் துணியோ கார்ப்பெட்டோ விரிச்சு, அரைச்ச கூழை மெல்ல ஓடவிட்டா, தங்கம் நூலிழைகளுக்கு நடுவுல பதுங்கிக்கும். மணல் ஓடிடும்.

ஒரு அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் சரிவுன்னு ஆரம்பிச்சு, தண்ணியைப் பார்த்துப் பார்த்து மாத்திக்கணும். சரிவு அதிகமானா தங்கமும் எஸ்கேப். குறைஞ்சா மணல் தேங்கி துணியை மூடிடும். துணி நிறைஞ்சதும் உடனே எடுத்து அலசணும். சோம்பல்பட்டா அதுக்கப்புறம் வர்ற தங்கம் வழுக்கிக்கிட்டுப் போயிடும். டன்னுக்கு 10 கிராம் தங்கம் இருக்கிற நல்ல பாறைன்னே வெச்சுப்போம். 50 கிலோ மூட்டையைச் சுமந்து வந்து அரைச்சா, அதுல இருக்கிறது அரை கிராம். ஒரு மிளகைவிடச் சின்னது! அதுல பாதி வழுக்கிப் போனா எப்படி இருக்கும்? அந்த வயித்தெரிச்சல்லதான் பாதரச பாட்டிலைத் திறக்கிறாங்க.

வெண்காரம் டு தி ரெஸ்க்யூ!

துணியில பிடிச்சதை வட்டத் தட்டுல போட்டுத் திரும்ப அரிச்சு, இரும்பு மணலைக் காந்தத்தால இழுத்து எடுத்துடுவாங்க. பழைய ஸ்பீக்கர் காந்தமே போதும். காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள்ள வெச்சா, பையை உருவினதும் ஒட்டின மணல் தானா உதிர்ந்துடும்.

மிச்சமிருக்கிற கொஞ்சூண்டு தூளோட கலக்கிறதுதான் வெண்காரம். ஆமா, நம்ம ஊர் நகை ஆசாரிகள் பற்றவைக்கும்போது போடுவாங்களே, அதேதான். ஈரப்படுத்தி, சின்ன பிளாஸ்டிக் பையில கட்டி, மண் மூசையில வெச்சு, கரியை மூட்டிக் காத்து ஊதுவாங்க. 743 டிகிரியில உருகுற வெண்காரம் மத்த தாதுக்களையெல்லாம் கண்ணாடி மாதிரி கரைச்சுக்கும். 1,064 டிகிரியில உருகின தங்கம் அடியில சொட்டா நிக்கும். ஆறினதும் தட்டினா, கண்ணாடி உடையும்... தங்க மணி ஜொலிக்கும்!

எல்லாப் பாறைக்கும் இது சரிவராது. கந்தகத் தாதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற தங்கம் இதுக்கு மசியாது. முக்கியமா, அரிச்சு வந்த தூள் சுத்தமா இல்லைன்னா வெண்காரம் கையை விரிச்சுடும். அதனாலதான் சொல்றேன்... விஷமில்லாத தங்கத்தோட ரகசியம் வெண்காரத்துல மட்டும் இல்லை. அதுக்கு முன்னாடி நிக்கிற டிரம்முலயும் பலகையிலயும் இருக்கு.

ரிப்பேர் டைரி

செய்யறது ஒரு நாள், காப்பாத்தறது தினமும். சுரங்க மெஷினுக்கு அடிக்கடி வர்ற நோய்களும் வைத்தியமும் இதோ:

* பேரிங் கத்துதா? ஈர மணல் உள்ளே புகுந்திருக்கு. மூடி, சீல் சரியா இருக்கான்னு பார்த்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வர்ற வரைக்கும் புது கிரீஸ் அடிக்கணும்.

* தூள் பருமனா வருதா? குண்டுகள் தேய்ஞ்சிருக்கும். எடை போட்டுப் பார்த்து, குறைஞ்ச எடைக்குப் புதுக் குண்டு சேர்க்கணும். பெல்ட் வழுக்குதான்னும் பாருங்க.

* பம்ப் ஓடுது, தண்ணி வரலையா? உறிஞ்சுற குழாய் ஜாயின்ட்ல காத்து புகுந்திருக்கும். இல்லைன்னா பம்ப்பை ரொம்ப உயரத்துல வெச்சிருப்பீங்க. கொள்கைப்படி 10.3 மீட்டர், நடைமுறையில 6, 7 மீட்டருக்கு மேல எந்தப் பம்ப்பும் உறிஞ்சாது.

* பெல்ட்டுக்குக் கம்பி வலைக் கூண்டு, மோட்டாருக்கு எர்த். இது ரெண்டும் இல்லாம ஸ்விட்சைத் தொடவே கூடாது. ஈரத் தரையில கரன்ட் ரெண்டாவது சான்ஸ் தராது.

தூசியையும் மறக்காதீங்க. காய்ஞ்ச குவார்ட்ஸை உடைச்சா பறக்கிற தூள், நுரையீரலைக் கல்லாக்குற சிலிகோசிஸ் நோயைக் கொண்டு வரும். இந்தியாவுல அந்த நோய் முதன்முதலா பதிவானது 1947-ல், கோலார் தங்க வயல்ல. அங்கே குழிக்குள்ள இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம தமிழ்நாட்டுல இருந்து போனவங்க. 2001-ல் சுரங்கத்தை மூடிட்டாங்க. இருமல் அதோட நிக்கலை. உடைக்கிற கல்லுல தண்ணி தெளிக்கிறதுக்கு ஆகிற செலவு, ஒரு குழாயும் ஒரு டேப்பும்தான்!

மெஷின் மட்டும் ஹீரோ இல்லை

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஆப்பிரிக்காவின் கானாவில் குமாசி நகரத்துல ‘சுவாமே மேகஸின்’னு ஒரு பிரமாண்டமான மெக்கானிக் பேட்டை இருக்கு. வண்டி ரிப்பேர்ல இருந்து மெஷின் வடிக்கிறது வரைக்கும் கைத்தொழில் கில்லாடிகள் கொட்டிக் கிடக்கிற இடம். அதே நாட்டுல, ஆத்துக்குள்ளேயே இறக்கின டீசல் மெஷின்களால பிரா, ஓஃபின், அங்கோப்ரா நதிகள் சேறு கலந்து பழுப்பாயிடுச்சு. கழிவு தேங்குற குட்டையும் மெஷின்ல ஒரு பாகம்தான். அதை விட்டுட்டு டிசைன் பண்ணினா அது பாதி டிசைன்.

உடனே கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு மலையேறிடாதீங்க மக்களே! 1957-ம் வருஷச் சுரங்கச் சட்டப்படி, அனுமதியில்லாம தோண்டினா மாமியார் வீடுதான். ஆனா, நம்ம ஊர் நகைப்பட்டறைத் தெருக்கள்ல குப்பை மண்ணையும் சாக்கடை மண்ணையும் அரிச்சுப் பொன்துகள் தேடுறவங்க இருக்காங்க. அங்கேயும் பாதரசம் புழங்கறது உண்டு. கை படாத, புகை வராத ஓர் அரிப்புப் பலகையை அவங்களுக்காக யோசிக்கலாம். மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல்னு மூணு டிபார்ட்மென்ட்டும் கூட்டு சேர வேண்டிய ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இது.

ஒரே கண்டிஷன்... ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல, ‘நாங்க இல்லாதப்போ இது ரிப்பேரானா, ஒரு ஸ்பேனரை வெச்சுக்கிட்டு நீங்களே சரிபண்றது எப்படி?’ன்னு படம் போட்டு எழுதிக் கொடுத்துட்டு வரணும். அந்தப் பக்கம் இருந்தாத்தான் அது இன்ஜினீயரிங். இல்லைன்னா, வெறும் எக்ஸிபிஷன்!